அம்பாரத்துக்கு முன்னால் நின்றவள்

"அம்பாரத்துக்கு நேர் முன்னாலதாம்லே நிக்கா, எனக்கென்ன கண்ணு—"

"முன்னால ஒருத்தியும் இல்லக்கா, தள்ளி, அம்பாரத்த விட்டுத் தள்ளி—"

"தலையில துண்டு கட்டிருக்காளா இல்லியா?"

"கட்டிருக்கா. அதத்தான் சொல்லுதேன், அந்தத் துண்டு கட்டுனவதான்—"

"அவ உப்பு அம்பாரத்த மறைச்சிட்டு நிக்கா. பாதி அம்பாரம் எனக்குத் தெரியவே இல்ல."

"எனக்கு முழு அம்பாரமும் தெரியுது. மேல ஒரு காக்கா வேற உக்காந்திருக்கு."

"காக்காவா? எங்கன காக்கா?"

"மெதுவாப் பேசுக்கா. ரெண்டு பேரு சோத்துலயும் மண்ணு விழுந்திரும்."

இருவருக்கும் நடுவில் இருந்தது ஒரு பிளைவுட் தடுப்பு. இந்தப் பக்கம் அமலோற்பவம்; அவள் திரையில் இடது படம் மட்டும் வரும். அந்தப் பக்கம் சுயம்புராஜ். அவனுக்கு வலது படம் மட்டும். ஒருவர் படத்தை மற்றவர் பார்க்கக் கூடாது, பார்த்ததைப் பற்றிப் பேசவும் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே கையெழுத்துப் போட்டுக்கொடுத்த விதி. பல வருஷமாக அந்தத் தடுப்புக்கு மேலே புளிச்சோறு போயிருக்கிறது, நார்த்தங்காய் வந்திருக்கிறது. படத்தைப் பற்றி ஒரு சொல் போனதில்லை. இன்றைக்குப் போய்விட்டது.

எல்லாம் இருகண் சட்டம் வந்த பிறகு உண்டான வேலை. பழைய காலத்தில் சிலர் ஒரே காட்சியை இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று என்று இரட்டைப் படமாக எடுத்து வைத்திருந்தார்கள். பரணிலும் பள்ளிக்கூட அலமாரியிலும் கிடந்த அந்தக் கண்ணாடித் தகடுகளை அரசாங்கம் திரட்டியது. ஸ்கேன் செய்து, பூஞ்சையைத் துடைத்து, சாய்வு திருத்தி, இடதையும் வலதையும் கணினியில் பொருத்தினால் அந்த இடம் ஆழத்தோடு எழுந்து நிற்கும். எது எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று அளந்து சொல்லலாம். நிலத் தகராறுகளுக்கு இனி அதுவே சாட்சி. படத்தில் இருப்பவை எல்லாவற்றின் மேலும் அமலோற்பவம் இடதில் ஒரு புள்ளி வைப்பாள், சுயம்பு வலதில் ஒன்று வைப்பான். ஊசி குத்துவது என்று அதற்குப் பெயர். இரண்டு ஊசியும் சேர்ந்து நம்பத்தக்க தூரம் காட்டினால் உண்மை, காட்டாவிட்டால் கறை. தீர்ப்புச் சொல்லும் இயந்திரத்துக்கு அரசு வைத்த பெயர் நீளமானது. ஊரார் அதை நெற்றிக்கண் என்றார்கள்.

இன்று வந்திருப்பது தூத்துக்குடிக்குத் தெற்கே நடுவாய்க்கால் அளத்தின் படம். எழுபது வருஷத்துக்கு முந்தியது. அந்த அளத்துக்கு மிஞ்சியிருக்கும் ஒரே இரட்டைப் படமும் அதுதான். அதில் ஆட்கள் வேலை செய்வது தெரிந்தால் உப்பளம் அங்கே உழைக்கும் குடும்பங்களுக்கு. தெரியாவிட்டால் வெற்று நிலம். புதிய துறைமுகத்தின் சரக்குப் பெட்டிகளை அடுக்கப் போய்விடும்.

இருவர் திரையிலும் ஒரே வாசகம் நின்றது. 'இவ்வுருவங்கள் கடலுக்கு அப்பால், தொடுவானத்தில் உள்ளன. மனிதர் அங்கே இருக்க இயலாது. வானக் கறை என உறுதி செய்க.'

"கடலுக்கு அப்பாலயாம். முழங்கால் வரைக்கும் சேறு அப்பியிருக்கு அவளுக்கு, நான் பாக்கேன்," என்றாள் அமலோற்பவம். "ஏலே, வரப்புல ஒருத்தன் குடை பிடிச்சிட்டு நிக்கானே, அவன் உனக்கு இருக்கானா?"

"அவன் கல்லு மாதிரி இருக்கான். ஊசி கச்சிதமாச் சேந்துட்டு. நெத்திக்கண்ணு அவன மட்டும் ஆளுன்னு ஒத்துக்கிட்டு."

"ஒரு ஆளு போதாதாமா?"

"ஒருத்தன் வந்து நின்னா வேடிக்கை பாக்க வந்தவன். வேலை பாத்ததுக்குச் சாட்சி ஆவுமா?"

அமலோற்பவம் திரையின் ஓரத்தில் விரல்களை வைத்தாள். "துண்டுக்காரி படத்தோட இடது ஓரத்துல இருந்து எவ்வளவு தள்ளி நிக்கா? விரலால அளந்து சொல்லு."

"நாலு விரக்கடை."

"எனக்கும் நாலு விரக்கடை."

"அவளுக்கு அடுத்தவ?" என்று அவளே கேட்டாள்.

"ஆறு."

"ஆறு," என்றாள் இவள். "வரிசை முழுக்க அப்படியே இருக்கும் போல. அம்பாரம் நகந்திருக்கு, குடை நகந்திருக்கு, இவளுக மட்டும் நகரல்ல."

தடுப்புக்கு அப்பால் நாற்காலி கிறீச்சிட்டது. சுயம்பு எழுந்துவிட்டான். அவன் உச்சந்தலை தெரிந்தது, கண் தெரியவில்லை. விதியை அந்த மட்டுக்காவது காப்பாற்றுகிறானாம்.

"யக்கா, பஸ்ஸுல போம்போது கிட்ட இருக்க மரம் வேகமா ஓடும். தூரத்துப் பனை மெதுவா ஓடும். ஓடாம நம்ம கூடவே வரது எது?"

"நிலா."

"அதான். கேமரா நகந்தும் எது நகரலியோ அது நிலாத் தூரத்துல இருக்குன்னு இது நினைக்கி. மிஷின் கணக்கு தப்பில்ல."

"அப்ப இவளுக நிலாவுல நிக்காளுகளா?"

"நான் அப்படிச் சொல்லல்ல."

"உன் காக்கா எனக்கு ஏன் இல்ல?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "ரெண்டு கண்ணு வச்ச கேமரா இல்லக்கா இது. தகட்டுப் பெட்டியோட ஒரு சறுக்குப் பலகை வந்துச்சே, முழ நீளத்துல. ஒத்தக் கேமராவ அதுல வச்சு ஒண்ணு எடுத்திருக்கான், அந்தக் கடைசிக்குத் தள்ளி இன்னொண்ணு எடுத்திருக்கான். நடுவுல காக்கா வந்து உக்காந்திருக்கு."

"அந்த நேரத்துல இவளுக?"

"எனக்கு எப்படித் தெரியும்? அமுக்குக்கா. ரெண்டு பேரும் கறைன்னு அமுக்கினாத்தான் அடுத்த படம் வரும். எனக்கு ரெண்டு பிள்ளைய இருக்கு."

"நீ வேணும்னா அமுக்கு. நான் அமுக்கல்ல."

"ஒத்தையா நான் அமுக்கி என்னத்துக்கு ஆவும்?"

"அப்ப சும்மா இரி," என்று சொல்லிவிட்டு, திரையில் வாசகம் நின்றது நின்றபடியே இருக்க, அமலோற்பவம் கைப்பையை எடுத்துக்கொண்டு பகல் பஸ் பிடிக்கப் போனாள்.

*

உப்பளத்தில் வெயில் மேலிருந்தும் அடிக்கும், கீழிருந்தும் அடிக்கும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வரப்பில் நடந்து வந்தவளைப் பார்த்து, பாத்திக்குள் நின்ற பெண்களில் மூத்தவள் குரல் கொடுத்தாள். அளத்துத் தொழிலாளர் சங்கத்தின் தலைவி அவள், பெயர் சந்தனமாரி.

"யாரு தாயி? ஓட்டு கேக்கியா, ஜனக்கணக்கா?"

"படம் பொருத்துத ஆபீஸுல இருந்து வாரேன்."

வேலை நின்றது. சந்தனமாரி இடுப்பில் கையை வைத்தாள். "அங்கன உள்ள ஆளு எங்களப் பாக்க வரப்பிடாதே."

"வரப்பிடாதுதான்."

"வந்தா?"

"வேலை போவும்."

"பெறவு என்னத்துக்கு வந்த? உப்பு இனாமாத் தரமாட்டோம்."

"ஒண்ணு கேக்கணும். நீங்க எல்லாரும் பாத்திக்குள்ள வரிசையா நிப்பியளே, அப்ப என்ன செய்விய?"

"நிக்கதா?" சந்தனமாரி மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டியளாட்டி, நிக்கதாம். நிக்கதுக்கு எவன் தாயி கூலி தருவான்?"

பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி சொன்னாள்: "மிதிக்கத கேக்கா போல, சித்தி."

"ஆமா, மிதிக்கணும். வெள்ளாமை தொடங்க முன்னாடி பாத்தித் தரைய மிதிச்சு இறுக்கணும். இல்லாட்டி தண்ணிய மண்ணு குடிச்சிரும், உப்பு இறங்காது. அவ அவ தனியா மிதிச்சா குண்டுங் குழியுமாப் போவும். அதனால கையக் கோத்துக்கிட்டு எல்லாரும் ஒண்ணா. நான் சத்தம் குடுப்பேன். ஒரு சத்தத்துக்கு ஒரு மிதி, பக்கவாட்டுல ஒரு எட்டு. ஒருத்தி பிந்தினா வரிசையே சாஞ்சிரும்."

"உங்க அம்மா காலத்துலயும் இப்படித்தானா?"

"எங்கம்மைக்கு அம்மை காலத்துலயும் பாத்திக்கு ரெண்டு கால் முளைச்சு தானா மிதிக்கல்ல. வேணும்னா நீயே இறங்கிப் பாரு. செருப்பக் கழத்து."

அமலோற்பவம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். ஒரு பக்கம் சந்தனமாரியின் கை, மறுபக்கம் ஒரு சின்னப் பெண்ணின் கை. இரண்டும் உப்புத் தின்று சொரசொரத்திருந்தன. சந்தனமாரி சத்தம் கொடுத்தாள். வரிசை மிதித்தது, நகர்ந்தது. மறுபடி மிதித்தது, நகர்ந்தது. மூன்றாவது சத்தத்தில் அமலோற்பவம் கையை உருவிக்கொண்டு சேற்றில் குனிந்தாள். தன் காலடி முன்பு பதிந்த குழிக்கும் இப்போது பதிந்த குழிக்கும் நடுவே முழங்கையை ஊன்றி விரலை நீட்டினாள்.

"என்னத்தத் தேடுதா? தோடு விழுந்துட்டா?"

"ஒரு முழம்," என்றாள் அமலோற்பவம்.

"என்ன முழம்? பூவா?"

அவள் எழுந்து நின்று, சேற்றுக் கையோடு, கேமராவைப் பற்றியும் பலகையைப் பற்றியும் நிலாவைப் பற்றியும் தலையில் துண்டு கட்டியவளைப் பற்றியும் சொன்னாள். படம் எடுத்தவன் கேமராவை ஒரு முழம் தள்ளினான். அதே நேரத்தில் வரிசையும் ஒரு முழம் தள்ளியது. கேமராவோடு சேர்ந்தே நடந்தவர்களை, நிலாவைப் போல எட்டாத தூரத்தில் இருப்பவர்கள் என்று இயந்திரம் முடிவு செய்துவிட்டது. சொல்லி முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை.

"ஆக, நாங்க கடல்ல நிக்கோம்," என்றாள் சந்தனமாரி.

"கடலுக்கும் அப்பால."

"நிக்கோம், ஆனா இல்ல."

"கறைன்னு துடைச்சிரும்."

"வேற எவனாவது இருக்கானா அந்தப் படத்துல?"

"வரப்புல குடை பிடிச்சிட்டு ஒருத்தன்."

"அவன்?"

"அவன் அசையல்ல. அதனால இருக்கான்."

சந்தனமாரி வாயில் ஊறிய உப்பைத் துப்பினாள். "சேத்துல இறங்காதவன் இருக்கான். இறங்கினவ இல்ல. நல்ல கண்ணுதான். ஏன் தாயி, கரைவலை இழுக்கானுவளே, அவனுவளும் கயித்தப் பிடிச்சிட்டு ஒண்ணாத்தான நடப்பானுவ?"

அமலோற்பவம் சேற்றுக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"வயலுல நாத்து நடுதவுக?"

"தெரியலக்கா. இத்தன வருஷத்துல எத்தனையோ படத்துல வானக் கறைன்னு வந்திருக்கு. நாங்க அமுக்கிட்டு அடுத்ததுக்குப் போயிருக்கோம். தனித்தனியா நின்னவுக எல்லாரும் இருக்காக. சேந்து நகந்தவுகளத்தான் காணோம்."

சந்தனமாரி அவள் முழம் அளந்த குழியைக் காலால் மிதித்துச் சமன் செய்தாள்.

"தலையில துண்டு கட்டுனவன்னியே. எங்கம்மையும் துண்டுதான் கட்டுவா," என்றாள் சந்தனமாரி. அமலோற்பவம் நிமிர்ந்தாள். "உடனே கண்ணுல தண்ணி வைக்காத. அந்தக் காலத்துல எல்லாவளும் துண்டுதான் கட்டுனா. அது எங்கம்மையா இருக்கலாம். இல்லாட்டி இந்தச் சின்னவளுக்கு அப்பத்தாவா இருக்கலாம். எவளா இருந்தா என்ன, கடல்ல நிக்கல்ல. இந்தப் பாத்தியில நின்னா. நீ வந்து சொல்லுவியா, ஆபீசர் முன்னால?"

"சொன்னா நாங்க பேசிக்கிட்டது வெளிய வந்திரும்."

"வந்தா?"

"படமே செல்லாதுன்னு தள்ளிருவாக."

"இப்ப மட்டும் என்ன செல்லுதாம்?"

*

மெய்காண் அலுவலர் செங்கோட்டுவேலு ஈரோட்டுப் பக்கத்துக்காரர். யாரையும் உட்கார வைத்துத்தான் பேசுவார். அமலோற்பவத்தையும் சுயம்புவையும் எதிரே உட்கார வைத்தார். சந்தனமாரி உட்காரவில்லை.

"பேசுனீங்களா?" என்று கேட்டார்.

"பேசினோம்," என்றாள் அமலோற்பவம்.

"அளத்துக்கும் போனீங்களா?"

"போனேன். சேத்துல இறங்கி மிதிச்சேன். சேலையில இன்னும் கறை போகல்ல. அது வானக் கறை இல்ல சார்."

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "நீங்களா வந்து சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சே இருக்காதுங்க. அமுத்திப்போட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்."

"போயிருக்கலாம்."

"இந்த விதி எதுக்குன்னு தெரியுமுங்களா? எங்கப்பாருக்கு ஒரு கெணறு இருந்துச்சு. அவரே வெட்டுனது. கோர்ட்டுல ஒரு ஊரே வந்து, அங்க கெணறே இல்லைன்னு சத்தியம் பண்ணுச்சு. எல்லாம் எங்கப்பாரு கையில தண்ணி குடிச்சவங்க. பேசி வெச்சுட்டு வந்தாங்க. மனுசங்க பேசி வெச்சுக்குவாங்க, அம்மா. அதனாலதான் ரெண்டு கண்ணையும் பேசவிடாம வெச்சோம். பேசாத ரெண்டு கண்ணு ஒண்ணையே பாத்தா அது பொய்யாகாது."

"பேசாத ரெண்டு கண்ணு ஒண்ணாச் சேந்து தப்பாப் பாத்தா?" என்றாள் அமலோற்பவம்.

"அதுக்குத்தான் இயந்திரம் இருக்குதுங்க."

"அதுதான சார் தப்பாச் சொல்லுது."

அவர் சுயம்புவின் பக்கம் திரும்பினார். குரல் கொஞ்சம் இறங்கியது. "தம்பி, நீங்க ரெண்டு பிள்ளைக்காரரு. பேசுனது அந்தம்மாதான். உங்ககிட்ட கேட்டாங்க, நீங்க ஒண்ணும் சொல்லலை. அப்படித்தானுங்களே?"

சுயம்பு சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். அமலோற்பவம் அவனைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். ஆமாம் என்று அவன் சொன்னால் அவள் மறுக்கப் போவதில்லை என்பது அந்த முகத்திலேயே இருந்தது.

"இல்ல சார்," என்றான். "காக்கா உக்காந்திருக்குன்னு முதல்ல சொன்னதே நான்தான்."

செங்கோட்டுவேலு பேனாவை மூடினார். "அப்ப ரெண்டு பேருக்கும் இன்னியோட வேலை இல்லீங்க. படமும் செல்லாது. செல்லாத படம் இருக்கற நிலம் வெத்து நிலம்னுதான் சட்டம் சொல்லுது."

"அம்புட்டுதானா?" என்றாள் நின்றுகொண்டிருந்த சந்தனமாரி.

"ஒரு வழி இருக்குதுங்க. இயந்திரம் தப்புன்னு நீங்க நினைச்சா, அந்த இடத்துலயே சோதனை வெக்கச் சொல்லிக் கேக்கலாம். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. நானும் சொல்லிப்போடறேன், கேக்காதீங்க. சோதனையில அது சொல்றதுதான் கடைசி. காலி நிலம்னு சொல்லிட்டா அன்னிக்கே கல்லு நட்டுருவோம். அப்பீல் கிடையாது. சோதனை இல்லைன்னா ஒரு போகம் உப்பாவது நீங்க எடுத்துக்கலாம்."

"ஒரு போக உப்பத் தின்னுட்டு ஓடணுமாக்கும்," என்றாள் சந்தனமாரி. "சோதனை வையுங்க."

"யோசிச்சுக்கங்க."

"மிதிக்குத அன்னைக்கு வையுங்க. அதே பலகையில வச்சு எடுங்க."

*

சோதனை நாளில் வேன் வந்தது. அதற்குள் இரண்டு அடைத்த அறைகள். மதுரையிலிருந்து வரவழைத்த இரண்டு பேர் அவற்றில் உட்கார்ந்தார்கள், ஆளுக்கு ஒரு படம் பார்க்க. எங்கே வந்திருக்கிறோம் என்றுகூட அவர்களுக்குச் சொல்லவில்லை. ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தது. வேனுக்குப் பின்னால் ஒரு டிராக்டர், அதில் நடுவதற்கான எல்லைக்கல், கடப்பாரை, இரண்டு ஆட்கள். கல்லில் எண் ஏற்கெனவே வெட்டியிருந்தது.

"ரொம்ப நம்பிக்கையோட வந்திருக்கிய," என்றாள் சந்தனமாரி.

"விதிப்படி கொண்டாரணுமுங்க," என்றார் செங்கோட்டுவேலு. கையில் கறுப்புக் குடை. உப்பு வெளிச்சத்தில் அவர் கண் கலங்கியிருந்தது. "நீங்க எப்பவும் போல வேலையப் பாருங்க. நான் வரப்புல ஓரமா நின்னுக்கறேன்."

"ஐயா, ஓரமாக் குடை பிடிச்சிட்டு நின்னா நீங்க ஒருத்தரு மட்டும் படத்துல இருப்பிய. போன தடவையும் அதான் நடந்துச்சு. பெறவு இங்கன ஒரே ஒரு ஆபீசர்தான் உப்பு விளைச்சாருன்னு எழுதி வச்சிருவாக."

பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "என்ன பண்ணோணும்கறீங்க?"

"இறங்குங்க. நாங்க ஏதும் களவு பண்ணுதோமான்னு கிட்ட இருந்து பாருங்க. உங்களுக்குத்தான் ஆளுக பேசி வச்சுக்கிடுவாகன்னு பயமாச்சே. எங்க கையப் பிடிச்சிக்கிட்டா நாங்க எப்படி உங்களுக்குத் தெரியாமப் பேசுவோம்?"

"நான் வந்தா சோதனைக்குப் பழுது வருமே."

"ஏன், நீங்க மனுசரு இல்லியா? உங்களயாவது அது கண்டுபிடிக்கட்டும்."

அவர் கொஞ்ச நேரம் கல்லைப் பார்த்தார், வேனைப் பார்த்தார். எதையும் சரிபார்க்காமல் விடுவது அவருக்குப் பழக்கமில்லை. குடையை விரித்தபடியே அம்பாரத்தில் செருகிவிட்டு, ஷூவைக் கழற்றி, காலுறையை மடித்து அதற்குள் வைத்து, கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினார். பாத்தியில் கால் வைத்ததும், "எரியுதுங்க," என்றார்.

"புதுக்காலுக்கு எரியும். பத்து வருஷத்துல பழகிரும்."

வரிசையில் அவருக்கு ஒரு பக்கம் சந்தனமாரி, மறுபக்கம் அமலோற்பவம். எதிர் வரப்பில் முழ நீளப் பலகை, அதன்மேல் கேமரா, பக்கத்தில் சுயம்பு. வேலை போனவன் பலகையைத் தள்ளக் கூடாது என்று விதியில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

"ஏலே சுயம்பு, சத்தத்துக்குத் தள்ளணும். முந்தாத, பிந்தாத," என்றாள் அமலோற்பவம்.

"எனக்குத் தெரியும்க்கா. நீ கால் இடறாம இரி."

சந்தனமாரி சத்தம் கொடுத்தாள். வரிசை மிதித்தது. செங்கோட்டுவேலு அரை மிதி பிந்தினார். இரண்டு பக்கமும் கை இழுத்துச் சேர்த்துக்கொண்டது. மறுபடி சத்தம். இந்தத் தடவை அவர் கால் மற்றக் கால்களோடு ஒன்றாக இறங்கியது. சேறு ஒரே குரலில் சப்பென்றது. அவர் முகத்தில் ஒரு வியப்பு வந்தது. இன்னும் சில மிதி போனபின் சுயம்பு கையை உயர்த்தினான். சத்தம் வந்தது, கேமரா சொடுக்கியது. அடுத்த சத்தம், பலகை சறுக்கியது, வரிசை ஒரு முழம் நகர்ந்தது, கேமரா மறுபடி சொடுக்கியது.

"முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுது சார்."

"இன்னும் கொஞ்சம் மிதிப்போம், பாதியில விட்டா பாத்தி இறுகாது," என்றாள் சந்தனமாரி. மிதித்தார்கள். அவரும் மிதித்தார்.

வேனுக்குள் ஊசி குத்துவது நடந்தது. டிராக்டர் ஆட்கள் கல்லை இறக்கி வரப்பில் சாய்த்து, கடப்பாரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பீடி பற்றவைத்தார்கள். சுயம்பு சட்டைப் பொத்தானைத் திருகத் தொடங்கினான். அமலோற்பவம் கல்லில் வெட்டியிருந்த எண்ணைப் பார்த்தாள். அவள் கணக்குச் சரியென்றால் நெற்றிக்கண் தோற்கும். ஆனால் நெற்றிக்கண் சொல்வதுதான் கடைசி வார்த்தை என்பதும் அவளுக்குத் தெரியும். காலி நிலம் என்று அது சொன்னால் அவர்கள் சொன்னது நிரூபணமாகும், கல்லும் நடப்படும். இதைச் சந்தனமாரியிடம் நேற்றே சொல்லியிருந்தாள். அதற்கு அவள், "நடட்டும் பாப்போம்," என்று மட்டும் சொன்னாள்.

வேன் கதவு திறந்தது. உள்ளே இருந்த இருவரில் ஒருத்தி, வெளிச்சத்தில் கண் கூச, கையில் தாளோடு படியில் நின்றாள். சுற்றிலும் உப்பளத்தையும், பாத்தி நிறையக் கைகோத்து நிற்கும் ஆட்களையும் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். மறுபடி ஆட்களைப் பார்த்தாள்.

"படிங்கம்மா," என்றார் செங்கோட்டுவேலு.

"சார்... தப்பா அச்சாயிருச்சு போல."

"வந்ததப் படிங்க."

"'வானக் கறை நீக்கப்பட்டது. மனிதர் இல்லை. வெற்று நிலம்.'" அவள் தாளைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனாள். "'காணப்பட்ட பொருள் ஒன்று. குடை.'"

அம்பாரத்தில் செருகிய குடை காற்றில் லேசாக ஆடியது.

வரப்பில் கடப்பாரைக்காரன் பீடியைத் தேய்த்து அணைத்துவிட்டு எழுந்தான். "சார், கல்ல நடலாமா?" என்று கேட்டான்.

எல்லோரும் செங்கோட்டுவேலுவைப் பார்த்தார்கள். முழங்கால் வரை சேறு காய்ந்து வெள்ளை பூத்திருந்தது. வாயைத் திறந்தார், சட்டத்தின் எந்த வரியைச் சொல்வதென்று தேடுவதுபோல இருந்தது. கையை உருவப் பார்த்தார். சந்தனமாரி விடவில்லை. இறுக்கவும் இல்லை, மிதிக்கும்போது பிடித்திருந்த அதே பிடி.

"இருங்கய்யா," என்றாள். "உங்க நெத்திக்கண்ணு சொன்னதுதான் கடைசி. நாங்க ஒத்துக்கிட்டோம். இங்கன நாங்க இல்ல, இவ இல்ல, நீங்களும் இல்ல. அப்ப எங்களக் காலி பண்ணச் சொல்லுதது யாரு, அந்தக் குடையா?"